பெயர் முன்னா, பிரதிப்பெயர் முன்னா: ஆங்கிலச் சார்பு வாக்கியங்களுக்கு மூன்று விளக்கங்கள்

ஜான் வீடு திரும்பியபோது களைத்திருந்தார் என்ற செய்தியை, ஒரு சார்பு வாக்கியமும் ஒரு முதன்மை வாக்கியமும் கொண்டு ஆங்கிலத்தில் எழுத முனைந்தால் நான்கு அமைப்புகள் கைக்கு வரும். முதலாவது: ‘வென் ஜான் கேம் ஹோம், ஹீ வாஸ் டயர்ட்.’ இரண்டாவது: ‘ஜான் வாஸ் டயர்ட் வென் ஹீ கேம் ஹோம்.’ மூன்றாவது: ‘வென் ஹீ கேம் ஹோம், ஜான் வாஸ் டயர்ட்.’ நான்காவது: ‘ஹீ வாஸ் டயர்ட் வென் ஜான் கேம் ஹோம்.’ முதல் மூன்றிலும் ‘ஹீ’ ஜானைக் குறிக்கலாம். நான்காவதில் மட்டும் குறிக்க முடியாது. அங்கே களைத்திருந்தவர் வேறொருவர் என்றே ஆங்கிலம் பேசுவோர் புரிந்துகொள்வார்கள். சொற்கள் ஏறத்தாழ அவையேதான் என்றாலும் ஓர் அமைப்பு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என்பதற்குப் போட்டியிடும் விளக்கங்கள் மூன்று உண்டு.

பள்ளியில் சொல்லித்தரும் விளக்கம் மிக எளியது: பெயர் முதலில் வர வேண்டும், பிரதிப்பெயர் பின்னால் வர வேண்டும். இதைப் பின்பற்றி எழுதுபவர் பெரும்பாலும் தவறு செய்யமாட்டார். ஆனால், நான்காவதைத் தள்ளும் இந்த விதி, குற்றமற்ற மூன்றாவதையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. ‘பிஃபோர் ஹீ பிகேம் பிரெசிடென்ட், லிங்கன் வாஸ் எ லாயர்’ என்பது போன்ற தொடக்கங்கள் ஆங்கில நாளிதழ்களிலும் வாழ்க்கை வரலாறுகளிலும் சர்வசாதாரணம். இவற்றைப் பிழை என்று கூறும் விதியை எழுதுவோருக்கான பாதுகாப்பு வேலியாக ஏற்கலாமே தவிர, மொழியின் விளக்கமாக ஏற்க இயலாது.

இரண்டாவது விளக்கம் சொல்வரிசையோடு, எந்தப் பகுதி எதற்குள் அடங்குகிறது என்ற படிநிலையையும் பார்க்கிறது. மொழியியலாளர் ரொனால்டு லாங்காக்கர் 1969இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்த நிபந்தனை இது: பிரதிப்பெயர் பெயருக்கு முன்னால் வந்து, அத்துடன் அந்தப் பிரதிப்பெயரை உள்ளடக்கிய மிகச் சிறிய வாக்கியத்துக்குள் பெயரும் அடங்கியிருந்தால், இரண்டும் ஒருவரைக் குறிக்க முடியாது. மூன்றாவது அமைப்பில் ‘ஹீ’ சார்பு வாக்கியத்துக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது, ஜான் அதற்கு வெளியே இருக்கிறார், ஆகவே தடையில்லை. நான்காவதில் ‘ஹீ’ முதன்மை வாக்கியத்தின் எழுவாய் என்பதால் மொத்த வாக்கியமும் அதன் எல்லைக்குள் வருகிறது, ஜானும் அதற்குள் சிக்குகிறார். தான்யா ரைன்ஹார்ட் 1976ஆம் ஆண்டு தமது முனைவர் பட்ட ஆய்வில் சொல்வரிசையையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, வாக்கியத்தை மரப்படமாக வரைந்தால் எது எதற்கு மேலே நிற்கிறது என்பதை மட்டும் வைத்து இதே தடையை விளக்கினார். பெயர்களும் பிரதிப்பெயர்களும் யாரைக் குறிக்கலாம் என்பது பற்றி மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1981இல் வகுத்த கோட்பாட்டின் மூன்றாம் விதி இந்த வழியில்தான் செல்கிறது.

வரிசையைக் கைவிட்டதற்கு நல்ல பலன் கிடைத்தது. ‘ஹிஸ் மதர் லவ்ஸ் ஜான்’ என்பதில் ‘ஹிஸ்’ முன்னால் வந்து, அதே வாக்கியத்தில் இருந்தும், ஜானையே குறிக்கலாம். லாங்காக்கரின் நிபந்தனைப்படி அது கூடாது. மாறாக, ‘நியர் ஜான், ஹீ சா எ ஸ்நேக்’ என்பதில் பெயர் முன்னால் இருந்தும் ‘ஹீ’ வேறு ஆளாகிவிடுகிறார். சொல்வரிசையை மட்டும் நம்பும் பள்ளி விதிக்கு இது புரியாத புதிர், மரப்படத்துக்கு அப்படியில்லை. ஆனால் இதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது: ‘நியர் ஜான்’ போல முன்னே கொண்டுவந்து வைத்த பகுதி மரத்தில் எந்த உயரத்தில் ஒட்டுகிறது என்பதற்குத் தனித்தனி ஊகங்கள் தேவைப்பட்டன.

மூன்றாவது விளக்கம் பேச்சின் ஓட்டத்தை நம்புகிறது. சுசுமு குனோ 1970களின் தொடக்கத்தில், பிரதிப்பெயர் முன்னால் வருவதுபோல் தோன்றும் இடங்களிலெல்லாம் அந்த ஆள் முந்தைய பேச்சில் ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கிறார் என்று வாதிட்டார். முதல் அறிமுகமே பிரதிப்பெயராக அமைந்த உண்மையான எடுத்துக்காட்டுகளைத் திரட்டி, மொழியியலாளர் கை கார்டன் 1982இல் இதை மறுத்தார். நான் இங்கே கார்டன் பக்கம்தான். மேலே உள்ள லிங்கன் வாக்கியம் ஒரு கட்டுரையின் முதல் வரியாகவே வரலாம்.

எனினும் பேச்சின் ஓட்டத்தை நம்புவோரின் வாதம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. ‘ஹீ ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் ஆன் அவர் வென் ஜான் ஹெர்ட் எ நாக்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். அமைப்பில் இது நம் நான்காவதுதான். ஆயினும், இதில் ‘ஹீ’ ஜானாக இருக்கலாம் என்று பலர் ஏற்பர். முதன்மை வாக்கியம் பின்னணியாகத் தணிந்து, உண்மையான நிகழ்வு சார்பு வாக்கியத்துக்குள் நடப்பதால் தடை தளர்கிறது என்று கேத்தரின் ஹாரிஸும் எலிசபெத் பேட்ஸும் 2002இல் சோதனைகள் மூலம் காட்டினார்கள். மரப்படம் இதற்கு எளிதாகப் பதில் சொல்லாது. ஆனாலும், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளே மூன்றாவது அமைப்பை ஏற்று நான்காவதை மறுக்கிறார்கள் என்று கிரெயினும் மெக்கியும் 1980களில் கண்டதால், அடிப்படைத் தடையைப் படிநிலையிடமும், அது நெகிழும் இடங்களைப் பேச்சோட்டத்திடமும் ஒப்படைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தமிழில் படித்துப் பழகியவருக்கு இடறும் இடம் மூன்றாவது அமைப்புதான். ‘வீட்டுக்கு வந்தபோது ஜான் களைத்திருந்தான்’ என்று நாம் சார்பு வாக்கியத்தின் எழுவாயைச் சொல்லாமலே விடுகிறோம். ‘அவன் வந்தபோது ஜான் களைத்திருந்தான்’ என்று சொன்னால் வந்தவன் வேறொருவன் என்றே கேட்பவர் எண்ணுவார். அதே பழக்கத்தோடு ஆங்கிலத்தைப் படிப்பவர் ‘வென் ஹீ கேம் ஹோம்’ என்றதும் இல்லாத இன்னொருவரைத் தேடத் தொடங்குவார். ஆங்கில வாசகரின் எதிர்பார்ப்பு இதற்கு நேரெதிரானது. அடுத்து வரும் முதன்மை எழுவாயே அந்த ‘ஹீ’ என்று எண்ணியே அவர் நகர்கிறார். அங்கே ஒரு பெண்ணின் பெயர் வந்தால் கண் சற்றுத் தயங்குகிறது என்பதைக் கண்ணசைவு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆகவே மூன்றாவது அமைப்பைக் கையாள்பவர், அரைப்புள்ளியோ வேறு பெயரோ குறுக்கிடாமல், காற்புள்ளியை அடுத்து உரியவரின் பெயரையே வைக்க வேண்டும்.

‘ஜான் டோல்ட் பீட்டர் தட் ஹீ ஹேட் வன்’ போன்ற வாக்கியங்களில் மூன்று விளக்கங்களும் ஏறத்தாழக் கைவிரிக்கின்றன. வென்றவர் ஜானாகவும் இருக்கலாம், பீட்டராகவும் இருக்கலாம், மூன்றாமவராகவும் இருக்கலாம். எந்த மரப்படமும் ஒருவரைத் தேர்ந்துதராது, முந்தைய பேச்சு இருந்தால் மட்டுமே ஓரளவு ஊகிக்கலாம். இங்கே பெயரைத் திருப்பி எழுதுவதோ, பேசியவரின் சொற்களை நேர்கூற்றாக மாற்றி ‘ஐ ஹாவ் வன்’ என்றோ ‘யூ ஹாவ் வன்’ என்றோ தருவதோதான் குழப்பத்தைத் தீர்க்கும்.