பழைய ரைபிளை "புதுசாக்கித் தரேன்" என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் நம்மவர் வீடுகள் சிலவற்றில், பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போயர் போர்க் (1899–1902) காலத்து ரைபிள் இன்னும் இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

எங்களுடையது 1896 மாடல் மவுசர் என்ற ஜெர்மன் ரைபிள். பெர்லினில் லூட்விக் லோவே கம்பெனி செய்தது, 7 மில்லிமீட்டர். 1895 கடைசியில் பிரிட்டிஷ் தரப்பு ஆட்கள் டிரான்ஸ்வாலுக்குள் புகுந்த ஜேம்சன் படையெடுப்புக்குப் பிறகு போயர் குடியரசுகள் அவசரமாக வாங்கிக் குவித்த ரகம். அப்பா நேட்டாலின் டண்டி ஊரில் கடை வைத்திருந்த காலத்தில் ஒரு விவசாயியிடம் முறைப்படி லைசென்ஸ் எடுத்து வாங்கினார். குழல் வந்து சேரும் இடத்தில் போயர் குடியரசுகளில் ஒன்றான ஆரஞ்சு சுதந்திர அரசின் முத்திரையான ஓ.வி.எஸ்., அதன் கீழே வரிசை எண். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டிலும் அதே எண். தோளில் ஊன்றும் மர அடிக்கட்டையில் யாரோ பேனாக்கத்தியால் கீறிய இரண்டு எழுத்துகளும் 1901 என்ற ஆண்டும். அந்தக் கீறலுக்குள் நூறு வருஷத்துக் கை எண்ணெயும் அழுக்கும் இறங்கிக் கறுத்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். ஒரு வீரன் போரின் நடுவில் தன் துப்பாக்கி இதுதான் என்று அடையாளம் வைத்ததாக இருக்கலாம் அது. 

அப்பா தவறிய பிறகு, லைசென்ஸ் என் பெயருக்கு வரும்வரை துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்தாக வேண்டும். (1900-க்கு முன் செய்ததுதானே, லைசென்ஸ் எதற்கு என்று சிலர் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளுக்குத்தான் அந்த விலக்கு, மவுசருக்கு இல்லை.) ஆகவே ஒரு கடையில் ஒப்படைத்தேன். மதிப்பீடும் செய்து தருவதாகச் சொன்னார் கடைக்காரர். நம்ம ஆள்தான்.

"அண்ணா, இது இப்படியே இருந்தா பழைய இரும்பு விலைதான் போகும். நான் பாத்துக்கிறேன், விடுங்க" என்றார். மதிப்பீடு மட்டும் போதும், வேறெதிலும் கை வைக்க வேண்டாம் என்று நேரிலும் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் எழுதினேன்.

திரும்பக் கைக்கு வந்தபோது துப்பாக்கி பளபளவென்று மின்னியது. என் வயிறு எரிந்தது. இரும்பைச் சக்கரத்தில் தேய்த்துப் புதிதாக ப்ளூயிங் (இரும்புக்கு ஏற்றும் கருநீலப் பூச்சு) போட்டிருந்தார். முத்திரையின் ஓரங்கள் மழுங்கிப் போயிருந்தன. கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்திருந்தார். 1901 இருந்த இடத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு நிழல் மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். போல்ட்டில் வேறு எண். நான் ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு எண்ணையும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதைப் போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கி அதிகாரியிடம் காட்டியதும், "மாறிப் போச்சுங்க" என்று கடைக்காரர் எங்கள் போல்ட்டை மட்டும் திருப்பித் தந்தார். தேய்த்ததை யார் திருப்பித் தருவார்கள்?

இவ்வளவுக்கும் அவர் போட்ட பில், மதிப்பீட்டுக் கூலியைப் போல் பல மடங்கு. "நீங்க வேணும்னா எனக்கே வித்துடுங்க" என்று அடிமாட்டு விலை வேறு சொன்னார். வாங்க ஆசைப்படுகிறவரே விலை சொல்வது மதிப்பீடே ஆகாது.

துப்பாக்கியைத் தோளில் மாட்டும் தோல் வாரின் கதை இன்னும் மோசம். துப்பாக்கியோடு வந்த தோல் வார், மரப்பட்டையில் பதனிட்ட தோல். நிலக்கரிப் புகை மண்டிய ஊரில் எத்தனையோ வருஷம் தொங்கியது. காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடை அந்த வகைத் தோல் உறிஞ்சும், உள்ளுக்குள் அமிலமாகும், நார் இற்றுவிடும். தொட்டால் விரலில் செங்கல் பொடி மாதிரி ஒட்டும். அந்த நிலையில் தண்ணீரோ எண்ணெயோ பட்டால் தோல் கறுத்து விறைக்கும். இவர் வாரை எண்ணெயில் ஊறவே போட்டிருக்கிறார். துளைகள் இருந்த இடத்தில் வார் இரண்டாக முறிந்து என் கைக்கு வந்தது. பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. தோலில் ஏற்றிய கொழுப்பு பித்தளையைத் தின்றால் அப்படித்தான் பூக்கும்.

தோல் பொருள்களைப் பராமரிக்கத் தெரிந்த ஒரு அம்மாவிடம் கொண்டுபோனேன். பொடியும் தோலுக்கு ஹைட்ராக்ஸிபுரோப்பில் செல்லுலோஸ் என்ற பசைப் பொருளை ஆல்கஹாலில் கரைத்து மெல்லத் தடவுவார்களாம். அது பொடியைப் பிடித்து நிறுத்தும், இற்ற நாரைப் பழையபடி ஆக்காது. எண்ணெய் இறங்கிய பிறகு அதுவும் சரியாக ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். வாரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, மடிக்காமல், அமிலமில்லாத காகிதத்தில் படுக்கப் போடச் சொன்னார்கள். டர்பன் கடற்காற்றின் ஈரம் தோலுக்கும் ஆகாது, இரும்புக்கும் ஆகாது. ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது.

இரும்பில் படிந்த பழுப்பு நிறத்தை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டாதீர்கள். சேகரிப்பவர் காசு கொடுப்பது அதற்குத்தான். உதிரும் செந்துரு இருந்தால் மட்டும் துளி எண்ணெய் விட்டு மிருதுவாகத் துடைத்து, மேலே மெல்லிசாக மைக்ரோகிறிஸ்டலின் மெழுகு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகு) பூசினால் போதும். வெறும் கையால் இரும்பைத் தொட வேண்டாம், வியர்வை உப்பு துருப்பிடிக்க வைக்கும்.

கடையில் விடுவதானால் வரிசை எண், போல்ட் எண், வார், கொக்கி எல்லாவற்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். "பாலிஷ், உப்புத்தாள், ப்ளூயிங், எண்ணெய் எதுவும் கூடாது" என்பதையும் அதே ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போடத் தயங்கினால் அந்தக் கடை வேண்டாம்.