3 நானோமீட்டர் ஓ-3 ஃபில்டர் என்று விற்கப்படும் போலிச் சரக்கு: வாங்குவோர் கவனத்திற்கு

கோள்வடிவ நெபுலாக்களை, அதாவது முதிர்ந்த விண்மீன்கள் உதறிய ஒளிரும் வாயுக்கூடுகளைப் படம்பிடிப்பதற்கென்று "3 நானோமீட்டர் ஓ-3 ஃபில்டர்" (ஆக்சிஜன் தரும் பச்சை ஒளியை ஒட்டி 3 நானோமீட்டர் அகலமுள்ள பட்டையை மட்டும் கடக்கவிடும் கண்ணாடி) என்ற பெயரில் இணையவழி விற்பனைக்கு வந்த ஒன்றைப் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். பார்சலில் வந்தது அந்தப் பொருள் அல்ல. கண்ணால் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டு, விலையில் அதன் பாதியைக்கூட எட்டாத அகலப்பட்டை ஃபில்டர் ஒன்றைப் புது வளையத்தில் பொருத்தி, மேலே புதிய எழுத்தைப் பொறித்து அனுப்பியிருக்கிறார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாமலேயே இந்தச் சரக்கைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த ஏமாற்று எதில் அடங்கியிருக்கிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னணி தேவை. 1864-ஆம் ஆண்டு வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, விண்மீன்களுக்குரிய தொடர்நிறமாலைக்குப் பதிலாகச் சில பச்சை வரிகளே தெரிந்தன. அவை இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனிலிருந்து வருபவை என்பதை 1927-இல் ஐரா போவன் விளக்கினார். அவற்றுள் வலுவானது 500.7 நானோமீட்டரிலும், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வலிமை உள்ளது 495.9-இலும் அமைந்திருக்கின்றன. 3 நானோமீட்டர் ஃபில்டர் முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு ஏனைய அனைத்தையும் அடைக்க வேண்டும். ஊர் வெளிச்சத்துக்கு நடுவிலிருந்து படம்பிடிப்பவர் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார். எம் 27 எனும் கோள்வடிவ நெபுலா மாலையில் உச்சிக்கு வரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தமிழ்நாட்டில் மேகம் விலகும் இரவே அபூர்வம் என்பதால், அப்படி வாய்த்த இரவைப் போலிக் கண்ணாடியிடம் பறிகொடுப்பதன் வலி இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

முதல் சந்தேகம் பின்னணியைப் பார்த்தபோது எழுந்தது. நண்பரிடம் இரவல் வாங்கிய 6.5 நானோமீட்டர் ஃபில்டரில், அதே இரவில், அதே கேமராவில், அதே ஐந்து நிமிட வெளிப்பாட்டில், எம் 27-இன் டம்பெல் வடிவத்துக்கு இருபுறமும் விரியும் மங்கலான காதுகள் ஒற்றைப் படத்திலேயே தெரிந்தன. அதைவிடக் குறுகியது என்று சொல்லி விற்கப்பட்ட என் ஃபில்டரிலோ வானம் கூடுதல் வெளிச்சமாக இருந்தது, காதுகள் அதில் அமுங்கிப்போயின, பிரகாசமான விண்மீன்களைச் சுற்றிச் சிவந்த வளையங்கள் வேறு. பட்டை குறுகக் குறுக வானம் கறுக்க வேண்டுமே தவிர வெளுக்கக் கூடாது.

பிறகு வீட்டிலேயே சோதித்தேன். அட்டையில் மெல்லிய பிளவு வெட்டி, அதன் பின்னால் பழைய சுருள் சிஎஃப்எல் விளக்கை எரியவிட்டு, பிளவின் பிம்பத்தைப் பழைய சிடி ஒன்றில் சாய்த்துப் பார்த்தால் 436 நானோமீட்டரில் நீலம், 487-இல் நீலப்பச்சை, 546-இல் பச்சை, 611-இல் செம்மஞ்சள் எனத் தனித்தனிக் கோடுகள் தெரியும். எல்இடி விளக்கு இதற்கு உதவாது, அதன் ஒளி பரவலானது. உண்மையான 3 நானோமீட்டர் ஓ-3 ஃபில்டரைக் கண்முன் நேராகப் பிடித்தால் இந்தக் கோடுகள் அத்தனையும் மறைந்து, ஏறக்குறைய இருட்டுதான் மிஞ்ச வேண்டும். என் ஃபில்டரில் 487 கோடு பளிச்சென்று நின்றது. விளக்கை மாற்றி, பழைய குண்டு பல்பை வைத்துப் பார்த்தபோது அடர்சிவப்புப் பட்டையும் தெரிந்தது. கண்ணால் பார்ப்பவருக்கு இந்தச் சிவப்புக் கசிவால் பெரிய கெடுதல் இல்லை, இருட்டில் நம் கண் அந்தச் சிவப்பை உணர்வதே அரிது. கேமரா சென்சாரோ அதைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும். விண்மீன்களைச் சுற்றிய வளையங்களுக்கும் காரணம் புரிந்தது.

விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "சார், உங்க டெலஸ்கோப் எஃப்/4. ஃபாஸ்ட் ஸ்கோப்புல பட்டை நீலப் பக்கம் நகரும், அது எங்க தப்பு இல்லையே" என்றார். பாதி உண்மையை வைத்து முழுப் பொய்யைச் சொல்வதில் தேர்ந்தவர்! எஃப்/4 போன்ற ஃபாஸ்ட் ஸ்கோப்பில் (துளையின் அகலத்தோடு ஒப்பிட்டால் குவியத் தூரம் குறைவானது) கதிர்கள் ஃபில்டருக்குள் சாய்ந்து நுழையும், அப்படி நுழையும் கதிருக்குப் பட்டை நீலத்தை நோக்கி நகர்வது உண்மைதான், ஆனால் எஃப்/4-இல் விளிம்புக் கதிருக்கே அந்த நகர்வு 1 நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். 500.7-ஐ 487 வரை இழுக்க ஃபில்டரை இருபது பாகைக்கும் மேல் சாய்க்க வேண்டும். என் மேசைச் சோதனையிலோ டெலஸ்கோப்பே இல்லை. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது: நான் தவறான திரவத்தால் துடைத்துப் பூச்சைக் கெடுத்துவிட்டேனாம், ஆகவே திரும்ப எடுக்க முடியாதாம். அதற்குப் பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை.

அவருடைய விளம்பரப் படத்தையும் பிற்பாடு கூர்ந்து பார்த்தேன். "இந்த ஒரே ஃபில்டர், வண்ணக் கேமரா" என்ற குறிப்போடு எம் 27 நீலப்பச்சை நடுவும் செந்நிற விளிம்புமாக மின்னியது. அந்தச் சிவப்பு 656.3-இல் உள்ள ஹைட்ரஜன் ஆல்ஃபாவும் அதை ஒட்டிய நைட்ரஜன் வரிகளும் தருவது. உண்மையான ஓ-3 ஃபில்டர் வழியாக அவை வரவே வழியில்லை. படம் வேறு எதிலோ எடுக்கப்பட்டது, அல்லது இந்தச் சிவப்புக் கசிவைத்தான் விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்கள் பெட்டியில் அச்சடித்த பொதுவான வரைபடத்தை நம்பாமல், அந்தக் குறிப்பிட்ட கண்ணாடியின் தொடர் எண்ணோடு அளந்தெடுத்த ஊடுருவல் வரைபடத்தை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி கடக்கிறது என்று காட்டுவது) கேளுங்கள். "இம்போர்ட் சரக்கு, பில் கிடையாது" என்று சொல்லித் தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். பிரிக்கும்போது காணொளி எடுத்து, வளையத்தின் உட்புறத்தை விளக்குக்கு நேரே காட்டுங்கள்: என்னுடையதில் கண்ணாடியை இறுக்கும் உள்வளையத்தின் திருகுப் பள்ளம் ஒன்றில் கருப்பு மை சுரண்டப்பட்டு உலோகம் தெரிந்தது, மறுபள்ளத்தில் பசை காய்ந்திருந்தது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய பதிவு, விளம்பரத்தின் நகல், சிடியில் தெரிந்த கோடுகளின் படம் ஆகியவற்றோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். நானும் அங்கேதான் பதிந்திருக்கிறேன். விற்றவர் இன்னும் பதில் தரவில்லை, விளம்பரமும் இன்னும் அகற்றப்படவில்லை.