சக்குலன்ட் சாடிக்கு எந்த இடம்: முற்றமா, விறாந்தையா, யன்னலோரமா?

வன்னியில் இப்போது வீட்டுக்கு வீடு சக்குலன்ட் (இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற சதைப்பற்றான செடி) சாடி வைக்கிறார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வளர்க்கிற முறையைப் பலர் எடுப்பது குளிர் நாட்டுக்காரர் போடும் வீடியோக்களில் இருந்துதான். தெற்கு யன்னலில் வையுங்கள், ஆறு மணித்தியாலம் நேர் வெயில் கொடுங்கள் என்று அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி, அங்கே மத்தியானச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். நாங்கள் இருப்பதோ ஏறக்குறைய 9 பாகை வட அகலக்கோட்டில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும் வெயில் நேர் உச்சியில் விழுகிறது, இடையில் வைகாசி, ஆனி, ஆடியில் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும், அந்த மாதங்களில் தெற்கு யன்னலுக்கு நேர் வெயில் கிடைப்பதே இல்லை என்று சொல்லலாம். மார்கழியில் தெற்கே நன்றாகச் சாயும், அப்போது பாதி நாள் மழை முகில். ஆகவே இங்கே வடக்கா தெற்கா என்று மண்டையை உடைக்க வேண்டாம். காலை வெயிலா பின்னேர வெயிலா, மேலே கூரை இருக்கிறதா இல்லையா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

முதலில் வெட்டவெளி முற்றம். கற்றாழை, நாகதாளி, பாலைவன ரோஜா என்கிற அடீனியம், இவற்றுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அடீனியத்தை நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லையே என்று கேட்பவர்கள் முதலில் அதை வெயிலுக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். ஆனால் வாங்கி வந்த அன்றே முற்றத்தில் கொண்டுபோய் வைக்கக் கூடாது. விற்கிற இடத்தில் அது கறுப்பு நிழல் வலைக்குள் இருந்த கன்று. காலை ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று இரண்டு கிழமை பழக்கித்தான் வெளியே விட வேண்டும். கற்றாழை வெயிலில் சிவந்து செம்பழுப்பாக மாறினால் பயப்படாதீர்கள், அது வெயிலுக்குச் செடி போட்டுக்கொள்ளும் நிறம், நிழலுக்கு மாற்றினால் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பும். வெயில் சுட்ட இலை வேறு மாதிரி: மேற்பக்கத்தில் மட்டும் வெளிறின திட்டு, பிறகு அது காய்ந்து வைக்கோல் நிறமாகும், தடவினால் தோல் சருகாக இருக்கும். அந்தத் திட்டு ஆறாது, இலை உதிரும்வரை அப்படியே நிற்கும். இன்னொன்று, சாடியைச் சீமெந்துத் தரையில் நேராக வைக்காதீர்கள். பங்குனி, சித்திரையில் அந்தத் தரையில் எங்களாலேயே கால் வைக்க முடியாது, வேர் எப்படித் தாங்கும்? இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினால் கீழால் காற்றோடும்.

முற்றத்தின் உண்மையான பிரச்சினை வெயில் இல்லை, மாரி. எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கிற அளவுக்கு மழை பெய்கிற கிழமையில் வெளியே நிற்கிற சக்குலன்ட் சாடிக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கோடை முழுக்க வெயிலைத் தாங்கின செடி பத்து நாள் ஈரத்தில் அழுகிவிடும்.

அதனால்தான் நான் கிழக்கு விறாந்தைக்கு முதலிடம் கொடுக்கிறேன். விடிந்ததில் இருந்து பத்து மணி வரை மெல்லிய வெயில் முழுசாகக் கிடைக்கும், சுடுகிற நேரம் வரும்போது கூரை மறைத்துவிடும், மாரியில் ஓரடி உள்ளே தள்ளினால் சாரலும் படாது. ஹவோர்தியா, ஜேட், கலஞ்சோ, சின்னக் கற்றாழைக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் இது போதும். மேற்கு விறாந்தையும் கூரை உள்ளதுதானே என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல. பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு வெயில் சரிந்து உள்ளே வரும்போது காற்றும் சுவரும் ஏற்கெனவே சூடேறி இருக்கும், மேலே தகரக் கூரை என்றால் அதன் வெக்கையும் சேரும், ஆனி ஆடியில் சோளகக் காற்றும் வந்து உலர்த்தும். மேற்குப் பக்கம்தான் இருக்கிறது என்பவர்கள் 50 வீத நிழல் வலை ஒன்றைத் தொங்கவிட்டுச் சமாளிக்கலாம்.

வேப்பமர நிழல்? கோடைக்கு அருமை, இலைக்கு இடையால் விழுகிற வெயில் ஹவோர்தியாவுக்கு மிகவும் பிடிக்கும். மாரியில் மரத்தால் வடிகிற தண்ணீர் மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும், சருகும் இலைக் குருத்துக்குள் விழுந்து ஊறும். எனவே தை முதல் புரட்டாதி வரை மட்டும்.

அறைக்குள் யன்னலோரம் கடைசி இடம். எங்கள் வீடுகளில் வெக்கைக்காக யன்னலுக்குத் திரை போட்டு வைப்போம், எங்கள் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்கு இருட்டு. இலைக்கும் இலைக்கும் இடையில் தண்டு நீண்டு, செடி யன்னல் பக்கம் வளைந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது, தலையை வெட்டி நிழலில் மூன்று நான்கு நாள் காயவைத்துப் புதிதாக நடுவதுதான் வழி. அறைக்குள் கட்டாயம் ஏதாவது வேண்டும் என்றால் மருள் வையுங்கள், எங்கள் பற்றைக்காடுகளில் தானாக வளர்கிற சாதி, மங்கல் வெளிச்சத்திலும் பொறுத்துக்கொள்ளும்.

செடி வாங்குவதில் ஒரு வேண்டுகோள். ரோஜாப் பூ வடிவத்தில் அடுக்கடுக்காக இருக்கிற எச்சிவேரியாவைக் கண்டால் எல்லாருக்கும் ஆசை வரும், எனக்கும் அது அழகான செடிதான். ஆனால் அது மெக்சிகோவின் மேட்டு நிலத்துச் செடி, இரவுக் குளிர் அதற்கு வேண்டும். சக்குலன்ட்களில் பல பகலில் நீர் போகாமல் இருக்க இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை எடுக்கும், இரவும் புழுங்கினால் அந்த வேலை சரியாக நடக்காது. மலைநாட்டுக் குளிரில் வளர்த்த எச்சிவேரியாவைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து கஷ்டப்படுத்துவதை விட அதே காசுக்கு இரண்டு ஹவோர்தியா வாங்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு கட்சி: தினமும் ஒரு கரண்டி என்பவர்கள், நன்றாக நனைத்துவிட்டு முழுக்கக் காயவிட வேண்டும் என்பவர்கள். நான் இரண்டாவது கட்சி. கரண்டித் தண்ணீர் மேல்மண்ணைத்தான் நனைக்கும், அடிவேருக்குப் போகாது. நாட்கணக்கு வைத்து ஊற்றவும் வேண்டாம், சோளகம் வீசுகிற காலத்தில் ஐந்தாறு நாளில் காய்கிற அதே சாடி மாரியில் மூன்று கிழமையானாலும் ஈரமாக இருக்கும். ஒரு ஈர்க்கை அடிவரை குத்தி, கொஞ்சம் விட்டு இழுத்துப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்றாதீர்கள். இலையும் சொல்லும்: மெலிந்து சுருங்கினால் தாகம், கீழ் இலை மஞ்சளாகி உள்ளே தண்ணீர் தெரிகிற மாதிரி கண்ணாடித் தன்மையோடு தொட்டவுடன் கழன்றால் தண்ணீர் கூடிவிட்டது. கிணற்று நீர் உவராக இருக்கிற இடங்களில் மண்சாடியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும், அங்கே பிடித்து வைத்த மழைநீர் நல்லது.

சாடி மண்சாடிதான். பிளாஸ்ரிக் மலிவு, காவ லேசு, ஆனால் மாரியில் ஈரத்தை விடாது, கறுப்பு நிறம் என்றால் கோடையில் வேரையும் அவித்துவிடும். எந்தச் சாடியானாலும் அடியில் ஓட்டை வேண்டும். வளவு மண்ணை மட்டும் போட்டு நிரப்பாதீர்கள், வவுனியாப் பக்கத்துச் செம்பழுப்பு மண் காய்ந்தால் கல்லாக இறுகும், முருங்கன் கறுப்புக் களி பற்றிச் சொல்லவே வேண்டாம். மண் ஒரு பங்கு, கரடான ஆற்றுமணல் ஒரு பங்கு, நொருக்கின செங்கல் அல்லது உமிக்கரி ஒரு பங்கு, ஒரு பிடி மக்கின மாட்டெரு, போதும். முல்லைத்தீவில் இருப்பவர்கள் கடற்கரை மணலை அள்ளிப் போட வேண்டாம், உப்பு.

அப்புறம் சாடிக்குக் கீழே வைக்கிற தட்டு. விறாந்தை அழுக்காகக் கூடாது என்று வைக்கிறார்கள், விளங்குகிறது, ஆனால் அதில் தேங்குகிற தண்ணீர் வேரை அழுகச் செய்வது ஒரு பக்கம், டெங்கு நுளம்பு முட்டையிடுவது மற்றப் பக்கம். ஐப்பசி பிறக்குமுன் தட்டுகளை எடுத்து நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாடிகளைச் செங்கல் மேல் ஏற்றிவிடுங்கள்.