ஏழு ஆண்டுக் கணக்கும் இரண்டு கணினிகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரி ஒப்பந்ததாரர் ஒருவரின் அலுவலகத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். என் மேசையில் இரண்டு கணினிகள் உள்ளன. ஒன்றில் விண்டோஸும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் இருக்கின்றன; மற்றொன்றில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளமும் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளும் இருக்கின்றன. ஒரே வேலையை இரண்டிலும் செய்து பார்த்தபின் என் மனம் இரண்டாவதன், அதாவது நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருளின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆயினும் விண்டோஸ் கணினியை அப்புறப்படுத்தும் நிலைக்கு நான் வரவில்லை. இரண்டுக்கும் உரிய இடம் எது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். எங்களுடைய பழைய கணினியில் இருப்பது ஆறாம் தலைமுறைச் செயலி. அதில் பழுது எதுவும் இல்லை; எட்டு கிகாபைட் நினைவகமும் இருக்கிறது. அதில் லினக்ஸ் மின்ட் 22ஐ ஏற்றினோம். அதற்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். புதுக் கணினிக்கு ஆகும் ரிங்கிட்டை லோரி டயருக்குச் செலவிடலாம் என்பது முதலாளிக்கு உடனே விளங்கிய கணக்கு.

அட்டவணை வேலையில் போட்டி கடுமையானது. நேர்மையாகச் சொன்னால் எக்செல் இன்னும் ஒரு படி முன்னே நிற்கிறது. தோட்ட அலுவலகம் ஒன்று அனுப்பும் படிவத்தில் விபிஏ மேக்ரோ, அதாவது பொத்தானை அழுத்தினால் தானே வேலை செய்யும் சிறு நிரல், பொதிந்திருக்கிறது. அதை லிப்ரே ஆபீஸின் அட்டவணைச் செயலியான கால்க்கில் திறந்தால் எண்கள் சரியாக வருகின்றன, ஆனால் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. அத்தகைய கோப்புகளை விண்டோஸ் கணினியில்தான் நிரப்புகிறேன். மற்றபடி, எடைச் சீட்டுகளைக் கூட்டுவது, லோரி வாரியாகப் பிரிப்பது, மாத இறுதியில் சுருக்க அட்டவணை எடுப்பது ஆகிய என் அன்றாட வேலைகளில் கால்க் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஓர் அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும், நான் நீண்ட நாள் இல்லாமல் தவித்த எக்ஸ்லுக்கப் சார்பும் 2024இல் வெளியான 24.8ஆம் பதிப்பில் வந்துவிட்டது. கடிதங்களில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. விண்டோஸின் லதா எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதத்தை மின்ட்டில் திறந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லாததால் வரிகள் இடம்பெயர்ந்து, கையொப்பம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். இப்போது இரண்டு கணினிகளிலும் நோட்டோ தமிழ் எழுத்துருவையே பயன்படுத்துகிறோம். வெளியே போகும் கடிதம் பிடிஎஃப்பாகவே போகிறது.

என்னை உண்மையில் திறமூலத்தின் பக்கம் திருப்பியது கோப்பின் ஆயுள். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, தொழில் நடத்துகிறவர் தம் கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே இன்று நான் சேமிக்கும் கோப்பை ஏழு ஆண்டுகள் கழித்து வேறொருவர் வேறொரு கணினியில் திறக்க வேண்டியிருக்கலாம். லிப்ரே ஆபீஸின் திறந்த ஆவண வடிவம் 2006இலேயே ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர நிறுவனத்தின் தரமானது. மைக்ரோசாஃப்ட்டின் வடிவமும் 2008இல் அதே நிறுவனத்தின் தரமாக ஏற்கப்பட்டது. எனவே வடிவத்தை மட்டும் வைத்து ஒன்றை நல்லதென்றும் மற்றொன்றைக் கெட்டதென்றும் சொல்வது நியாயமாகாது. வேறுபாடு நிரலைப் பயன்படுத்தும் உரிமையில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா தவறினால் கோப்பைப் பார்க்கலாம், அச்சடிக்கலாம், ஆனால் திருத்த முடியாது. லிப்ரே ஆபீஸுக்குச் சந்தா என்ற பேச்சே இல்லை.

இந்தக் கவலை எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. எங்கள் கோயில் குழுவின் பழைய கூட்டக் குறிப்புகளை ஒரு குறுவட்டிலிருந்து எடுத்துத் திறந்தபோது, திரை முழுவதும் தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவே நின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன், தனித்தனிக் குறியீட்டு முறையில் அமைந்த எழுத்துரு ஒன்றில் அடித்தவை அவை. அந்த எழுத்துரு யாரிடமும் இல்லை. பெரியவர்கள் கையால் எழுதிய அதற்கும் முந்தைய நோட்டை இன்றும் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது. அன்றுமுதல், எல்லாரும் அறிந்த பொதுத் தரத்தில் அல்லாமல் எதையும் நான் சேமிப்பதில்லை. தமிழைத் தட்டச்சு செய்வதில் இரண்டு கணினிகளும் சமம். விண்டோஸில் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைப்பலகை முறையிலும், மின்ட்டில் தமிழ்99 விசைப்பலகை முறையிலும் அடிக்கிறேன்.

ஆனால் எந்த மென்பொருளும் நமக்காகக் கோப்பை அடுக்கி வைக்காது. இங்கு இரண்டு பழக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னுடன் வேலை செய்யும் அக்கா, கோப்புக்கு மாதப் பெயரை முதலில் வைப்பார். அகரவரிசையில் அடுக்கும்போது அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று நின்று, ஜனவரியைத் தேட வேண்டியிருக்கும். நான் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முதலில் வைக்கிறேன்: ‘2025-03-14 எடைச்சீட்டு லோரி2’. எந்தக் கணினியிலும் அது தானாகவே நாள் வரிசையில் நிற்கும். கோப்புகளுக்கு வண்ண அடையாளம் வைக்கும் செயலி ஒன்றையும் சில வாரம் முயன்றேன். பார்க்க அழகுதான், ஆனால் கோப்பை வேறு கணினிக்கு நகலெடுத்ததும் அடையாளம் அத்தனையும் உதிர்ந்துபோயிற்று. பெயரில் எழுதிய நாள் மட்டும் கோப்புடனேயே பயணம் செய்கிறது.

இன்னொரு பழக்கம் மாலை ஐந்து மணிக்கு உரியது. ஓட்டுநர்கள் கொடுத்துவிட்டுப் போகும் எடைச் சீட்டுகள் மடிந்து, ஓரத்தில் எண்ணெய்க் கைரேகை படிந்து என் மேசைக்கு வரும். அவற்றை நிமிர்த்தி, ஒளிவருடியில் வைத்து, ‘வந்தவை’ என்ற ஒரே கோப்புறையில் போடுகிறேன். வீட்டுக்குக் கிளம்புமுன் பத்து நிமிடத்தில் அந்தக் கோப்புறையைக் காலி செய்கிறேன். வாரம் ஒருமுறை மொத்தமாகச் செய்தும் பார்த்தேன். நான்காம் நாளே எந்தச் சீட்டு எந்த நடைக்கு உரியது என்பது மறந்துபோகிறது. செய்ய வேண்டியவற்றை வெறும் உரைக்கோப்பில் எழுதுகிறேன். அக்கா காகித நோட்டில் எழுதுகிறார். இதில் நோட்டே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன், ஏனெனில் பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போனாலும் அது திறக்கும். அந்த இடிக்குப் பயந்தே வெள்ளிதோறும் எல்லாக் கோப்புகளையும் வெளிவட்டில் நகலெடுத்து, வட்டைக் கழற்றி இரும்பு அலமாரியில் வைக்கிறேன்.

இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), மைஇன்வாய்ஸ் (வரித்துறையின் மின் விலைப்பட்டியல்) தளங்கள் உலாவி வழியே திறப்பதால் அவற்றுக்கு மின்ட்டே போதும். சம்பள மென்பொருள் மட்டும் விண்டோஸில்தான் ஓடும். சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நெருக்கடியில் சோதனை செய்து பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆகவே விண்டோஸ் கணினி அந்த வேலைக்காகவே மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சம்பளம் போட்ட அன்றே அந்தப் பட்டியலைச் சிஎஸ்வி என்ற வெறும் உரை அட்டவணை வடிவில் வெளியே எடுத்து, நாளை முன்வைத்துப் பெயரிட்டு, மின்ட் கணினியிலும் ஒரு படி வைத்துவிடுகிறேன்.