கோபியில் ஒரு சூப்பர் மார்க்கெட்: தேதி பார்த்து வாங்குகிறவனின் விமர்சனம்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நேரம் இல்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம். காய்கறி, அரிசி, எண்ணெய், சோப்பு, இதற்கெல்லாம் நல்ல கடை. பால் பொருள், கடையே எடை போட்டுப் பாக்கெட் செய்த பருப்பு வகை, வாசலில் கூடையில் கொட்டி வைத்திருக்கிற ஆஃபர் சாமான், இவற்றைத் தொடுவதாக இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடுங்கள். அஞ்சு ஸ்டாருக்கு ரெண்டரை. அந்த அரை ஸ்டாரும் காய்கறிக்காக.

கடையின் பெயரைப் போடவில்லை. கோபியில், அதாவது கோபிசெட்டிபாளையத்தில், இருக்கிற பெரிய ஏசி கடைகளில் ஒன்று என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் அந்தக் கடையை மட்டும் ஒதுக்கிவிட்டு அடுத்த கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோம். கீழே சொல்லப்போவதெல்லாம் சத்தியமங்கலத்திலிருந்து பெருந்துறை வரைக்கும் எந்தக் கடையிலும் நடக்கக்கூடியதுதான்.

நான் ஒரு பிஸ்கட் ஸ்டாக்கிஸ்டிடம், அதாவது கம்பெனி சரக்கை எடுத்துக் கடைகளுக்குப் போடுகிற மொத்த வியாபாரியிடம், பல வருஷம் லைன் போனவன்; கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கிற வேலை. கோபி, நம்பியூர், அந்தியூர், சத்தி. ஆர்டர் புக்கை எடுத்தாலே கடைக்காரர் முதலில் கேட்பது ஸ்கீம் என்ன என்றல்ல. "ஏனுங், போன தடவ போட்டதுல டேட் ஓவர் கெடக்குது, அத எடுத்துட்டுப் போனாத்தான் அடுத்த ஆர்டரு" என்பார்கள். அதனால் எந்தக் கடைக்குள் போனாலும் கை தானாகப் பாக்கெட்டைத் திருப்பும். விலை அப்புறம்தான்.

இந்தக் கடையில் நுழைந்ததும் வலது பக்கம் மாவு, ரவை ரேக். ராகி மாவு அரைக் கிலோ பாக்கெட் ஒன்றை எடுத்தேன். தேதி சுத்தமாக இருக்கிறது, இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி. ஆனால் பாக்கெட்டைச் சாய்த்தால் மாவு ஓடவேண்டும். இதில் கீழ் மூலையில் மட்டும் ஒரு கட்டி அசையாமல் நின்றது. டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால், மாவுக்குள்ளே மெல்லிய நூல் பின்னி, அதன் நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு புழு நெளிகிறது. அந்துப்பூச்சியின் புழு. பக்கத்துப் பாக்கெட்டிலும் அதே நூல். சம்பா ரவையிலும் இருந்தது.

தேதி முடிவது வேறு, கெட்டுப்போவது வேறு. கம்பெனி அச்சடித்த தேதி, சொன்ன முறையில் வைத்திருந்தால் அதுவரைக்கும் தாங்கும் என்ற கணக்கு. பின்கட்டில் சிமெண்ட் ஷீட் கூரைக்கு அடியில், பங்குனி வெயிலில், பழைய மூட்டையோடு ஒட்டுக்கா அடுக்கி வைத்தால் எந்தத் தேதியும் காப்பாற்றாது. நம்ம ஈரோடு மாவட்டத்து வெயில் தெரிந்ததுதான், சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். முன்னால் ஏசி ஓடுகிறது, குடோனுக்கு யார் ஏசி போடுகிறார்கள்?

அடுத்தது கடையே போட்ட பாக்கெட். நிலக்கடலைப் பருப்பு, பொட்டுக்கடலை, கொள்ளு எல்லாம் கடை பெயரிட்ட வெள்ளை ஸ்டிக்கரோடு தொங்குகிறது. அந்த ஸ்டிக்கரில் இருக்கிற பேக்கிங் தேதி கடலையின் வயதல்ல. மூட்டையிலிருந்து அள்ளி எடை போட்ட நாள். போன பட்டத்துக் கடலையை இன்றைக்கு எடை போட்டால் அது இன்றைக்குப் பிறந்த கடலை ஆகிவிடுகிறது. நான் எடுத்த பாக்கெட்டில் ஸ்டிக்கர் கொஞ்சம் தடிமனாகப் பட்டது. நகத்தால் ஓரத்தை நெம்பினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் வேறொரு தேதி, மூன்று மாதம் முந்தியது. பாக்கெட்டை அழுத்தியதும் தையல் ஓட்டை வழியாக வந்த காற்றில் காறல் வாசம். நிலக்கடலை விளைகிற ஊரில் இருந்துகொண்டு இதைக் காசு கொடுத்து வாங்கவேண்டுமா? காறல் அடித்தால் ருசி போச்சு, அவ்வளவுதான் என்று விடலாம். பூஞ்சை பிடித்திருந்தால் விடக்கூடாது. அதிலிருக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். கறுத்து, சுருங்கி, பொடி படிந்த பருப்பு நாலு தெரிந்தால் மொத்தப் பாக்கெட்டையும் வைத்துவிடுங்கள்.

இப்போது பால் பொருள். பேத்திக்குப் பன்னீர் என்றால் உயிர், அதனால் இந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியாது. கதவில்லாத திறந்த சில்லர், பால் பொருள் அடுக்குகிற குளிர்பெட்டி. மேலே சிவப்பு எழுத்தில் 13 என்று ஓடுகிறது. பால் பொருள் 5 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும். தயிர் பாக்கெட்டுகள் தலையணை மாதிரி உப்பி நிற்கின்றன. சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பது வேறு சங்கதி, அதில் நைட்ரஜன் அடைத்திருக்கிறார்கள், உப்பியிருந்தால்தான் நல்லது. தயிரும் பன்னீரும் உப்பினால் உள்ளே கிருமி வேலை செய்து வாயு விட்டிருக்கிறது என்று அர்த்தம். பன்னீர் பாக்கெட்டில் மஞ்சள் கலந்த தண்ணீர் தேங்கியிருந்தது, தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தும்.

காலையில் கடை திறந்த கையோடு போனால் சில்லருக்கு அடியில் தரை ஈரமாக இருக்கும். துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஐஸ்கிரீம் ஃப்ரீசரைத் திறந்தால் கப்புக்கு மேல் பனித்துகள் படிந்து, குச்சி ஐஸ் ஒரு பக்கம் சரிந்து உறைந்திருக்கும். ஒருமுறை உருகி மறுபடி உறைந்ததன் அடையாளம் அது. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது மெயினையும் இறக்கிவிடுகிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கரண்ட் பில் மிச்சம். கெட்டதைக் கம்பெனி தலையில் கட்டிவிடலாம்.

சரி, இவ்வளவையும் கூடையில் எடுத்துப்போட்டுக்கொண்டு பில் போடும் இடத்துக்குப் போனேன், வாங்குவதற்காக அல்ல. பில் போட்ட பொண்ணு பாவம், "எனக்குத் தெரியாதுங்கய்யா, சூப்பர்வைசரக் கேளுங்க" என்றது. அவர் வந்தார். வயசுப் பையன், மரியாதையான பேச்சு.

"வேற எடுத்துக்குங்கண்ணா, இது எப்படியோ கலந்து வந்துருச்சு."

"நான் வேற எடுத்துக்கறது இருக்கட்டும் தம்பி. ரேக்குல மீதி இருக்கறத என்ன பண்ணப் போறீங்க?"

"எடுத்துர்றோம்ங்ணா. நீங்க ஒன்னும் மனசுல வெச்சுக்காதீங்."

பாக்கெட்டுகளை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கொடுக்கும் முன்னால் ஒவ்வொன்றின் பின்பக்க மூலையிலும் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டேன். இது லைன் போன காலத்துப் பழக்கம். டேமேஜ் என்று கழித்த பாக்கெட் சுற்றிச் சுற்றி மறுபடி நம்ம கைக்கே வராமல் இருக்க நாங்கள் போடுகிற குறி. அடுத்த வாரம் போனபோது ரேக்கில் தேடினேன், இல்லை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தால், வாசல் ஆஃபர் கூடையில் ராகி மாவு "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்". மூலையில் என் கோடு. பன்னீரும் கடலையும் அங்கே இல்லை, அதுவரைக்கும் நல்லது.

அந்தக் கூடையைப் பற்றிச் சொல்லவேண்டும். தேதி நெருங்கியதை விலை குறைத்து விற்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. நாளைக்கே தின்று தீர்க்கிற வீட்டுக்கு அது லாபம். அதை மறைத்து, ஏதோ நமக்காக இறக்கிய சலுகை என்று பலகை வைப்பதுதான் பிடிக்கவில்லை. தீபாவளிக்கு வந்த குக்கீஸ் கிஃப்ட் பாக்ஸ் ஜனவரியில் வருகிற பாரியூர் குண்டம் நோம்பி வரைக்கும் அந்தக் கூடையில் கிடந்தது. மேலே பளபளா பேப்பர் சுற்றியிருப்பதால் தேதி தெரியாது. பிரித்துப் பார்க்கவும் விடமாட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை வியாபாரத்தின் உள்பக்கம் இருந்தவனாகச் சொல்கிறேன். டேட் ஓவர் ஆன சரக்கின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது ரேக்கில் நிற்கும். பிரெட், பன் எடுத்துக்கொள்ளுங்கள். வேன்காரரே வந்து பழசைப் பொறுக்கிக்கொண்டு புதுசை வைத்துவிட்டுப் போகிறார். கடைக்காரருக்குக் கைநஷ்டம் இல்லை, அதனால் இந்தக் கடையிலும் பிரெட் ரேக் எப்போதும் புதுசு. உள்ளூர் முறுக்கு, தட்டுவடைப் பாக்கெட்டும் அப்படியே. பெரிய கம்பெனிகளில் சிலது எக்ஸ்பைரியை எடுத்துக்கொள்ளும், ஆனால் கிளைம் பாஸ் ஆகிக் காசு வருவதற்குள் ஸ்டாக்கிஸ்டுக்கு நரை விழுந்துவிடும். சிலது வாபஸே இல்லை என்று சொல்லி முதலிலேயே விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்துவிடும். வெளிநாட்டு சாக்லேட், சாஸ் மாதிரி சாமான் பெரும்பாலும் இந்த ரகம். மொத்தமாக எடுத்தால் விலை குறைவு, விற்கவில்லை என்றால் கடைக்காரர் பாடு. அந்த ரேக்கில்தான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும்.

அடுக்குகிற பையன்களையும் குறை சொல்ல முடியாது. புதுசு வந்தால் பழசை முன்னுக்கு இழுத்துவிட்டுப் பின்னால் வைக்கவேண்டும் என்பது கடைப் பாடம். ஆள் பற்றாக்குறையில் யார் இழுக்கிறார்கள்? புதுசை முன்னாலேயே குத்திவிட்டுப் போகிறார்கள், பழசு சுவரோரம் தூங்குகிறது. ஆகவே பின்னால் இருந்து எடுத்தால் புதுசு என்ற வீட்டுப் பெண்களின் கணக்கு இந்தக் கடையில் செல்லாது. சாஸ் ரேக்கில் கடைசி வரிசை முழுக்க எக்ஸ்பைரி.

சட்டம் கடைக்காரருக்குச் சாதகமாக இல்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, காலாவதியான பொருளை விற்றால் விற்றவரே பொறுப்பு என்கிறது. "கம்பெனியக் கேளுங்க" என்று கைகாட்ட வழியில்லை. அப்புறம், 2020ல் வந்த லேபிள் விதிகளின்படி எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை தேதியைப் போட்டே ஆகவேண்டும், பெஸ்ட் பிஃபோர் போடுவது கம்பெனியின் விருப்பம். பெஸ்ட் பிஃபோர் என்பது ருசி, மணத்துக்கான கெடு. எக்ஸ்பைரி தாண்டியது விற்கவே கூடாதது. ஆன்லைன் ஆர்டரில் வீட்டுக்கு வருகிற சாமானுக்கு 2024 நவம்பரில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரையறை சொன்னது: கைக்கு வரும்போது ஆயுளில் 30 சதவீதமோ, 45 நாளோ பாக்கி இருக்கவேண்டும். அடுத்த மாதமே, காலாவதியான, திரும்பி வந்த சரக்குக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும்படி கம்பெனிகளுக்கும் உத்தரவு போட்டது. காலாவதிச் சரக்கு புது ஸ்டிக்கரோடு திரும்பி வந்துவிடக்கூடாது என்பதற்குத்தான் அது. கடைக்குள்ளேயே ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறவரை அந்தக் கணக்கு எப்படிப் பிடிக்கும்?

ராகி மாவில் என் கோட்டைப் பார்த்த அன்றைக்கே படங்களை உணவுப் பாதுகாப்புத் துறையின் 9444042322 வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். அதற்கென்றே ஒரு பாக்கெட் மாவைக் காசு கொடுத்து வாங்கி, பில்லையும் சேர்த்துப் படம் எடுத்தேன். பில் இல்லாமல் எதுவும் நிற்காது. பில்லில் கடையின் 14 இலக்க உரிம எண் இருக்கும், அதையும் தெரிகிற மாதிரி எடுங்கள். நஷ்டஈடு கேட்கிற அளவுக்கு விஷயம் போனால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. நான் அந்த அளவுக்குப் போகவில்லை. மாவுப் பாக்கெட்டுக்கு வக்கீல் வைத்தால் வீட்டில் சோறு போடமாட்டார்கள்.

பாராட்டவேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். காய்கறி விடியற்காலையில் சுற்றுவட்டாரத்திலிருந்தே வருகிறது, சுரைக்காயும் அவரையும் பறித்த ஈரத்தோடு இருக்கும். வாடியதைத் தனி டப்பாவில் ஒதுக்கி, விலையைக் குறைத்து, சொல்லியே விற்கிறார்கள். காய்க்குச் செய்யத் தெரிந்த இந்த வேலையை மற்றதுக்கும் செய்தால் என்ன? கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை நல்ல சரக்கு. செக்கு எண்ணெய் வேகமாகப் போகிற ஐட்டம், தேதி எப்போதும் புதுசு. பில்லில் தப்புக் கணக்கு வந்து நான் பார்த்ததில்லை. வண்டி நிறுத்தவும் இடம் இருக்கிறது.

புகாருக்குப் பிறகு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம், பில் போடுகிற பொண்ணு மெதுவாகச் சொன்னது. ஆஃபர் கூடை சில நாள் காணவில்லை. இப்போது மறுபடி வந்திருக்கிறது, ஆனால் மேலே அட்டையில் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: "தேதி நெருங்கிய பொருட்கள், பார்த்து வாங்கவும்". கடலைப் பாக்கெட்டில் ஸ்டிக்கர் ஒன்றுதான் இருக்கிறது, நெம்பிப் பார்த்தேன். சில்லர் மட்டும் 11. அது 5க்கு இறங்குகிற வரைக்கும் பேத்திக்குப் பன்னீர் வேறு கடையில்தான், ஸ்டாரும் ரெண்டரையில்தான்.