டான்ஸ் படிக்க செலவு கம்மியான காலேஜ்: மூணு இடம் நேர்ல போய் பாத்ததோட ரிவ்யூ

அக்கா பொண்ணுக்கு டிகிரி படிச்சா டான்ஸ்லதான் படிக்கணும்னு ஒரே பிடிவாதம். லோன் போட்டு படிக்க வைக்கிற நிலைமை வீட்டுல இல்ல, அதுக்காக அவ ஆசையை மூட்டை கட்டி வைன்னு சொல்லவும் யாருக்கும் மனசு வரல, அதனால ஃபீஸ் கம்மியா இருக்கிற மூணு காலேஜ் டான்ஸ் டிபார்ட்மெண்ட்டை நானும் அவளும் நேர்லயே போய் பாத்துட்டு வந்தோம். பேர் போடல, குறை சொல்ற மாதிரியும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கு.

முதல் காலேஜ் பாக்க அவ்ளோ அழகு. சுவரு முழுக்க கண்ணாடி, புது ஏசி, பெரிய ஸ்பீக்கர். தரையில கருப்பு வினைல் பளபளன்னு விரிச்சிருந்தாங்க. இவ செருப்பை கழட்டிட்டு ஓரமா போய் நாலு தடவை குதிச்சா, அப்புறம் குனிஞ்சு உள்ளங்கையால தரையை தட்டிப் பாத்துட்டு என் காதுல மெதுவா "சித்தி, கீழ சிமெண்ட்டு"ன்னு சொன்னா. எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

இது தெரியாதவங்களுக்காக கொஞ்சம் விவரமா சொல்றேன். டான்ஸுக்குன்னு போடுற தரையை ஸ்ப்ரங் ஃப்ளோர்னு சொல்வாங்க, கீழ மரச்சட்டத்தை குறுக்கும் நெடுக்குமா அடுக்கியோ இல்ல ஃபோம் பேட் வெச்சோ அதுக்கு மேல பிளைவுட் போட்டு, கடைசியா மரப்பலகையோ வினைலோ போடுவாங்க, குதிக்கும்போது தரை லேசா அமுங்கி அந்த அடியை வாங்கிக்கும். வினைல் மட்டும் இருந்தா கால் வழுக்காது, அவ்ளோதான், அடி தாங்குற வேலையை அது செய்யாது. குதிச்சு இறங்குறப்ப நம்ம எடையை விட பல மடங்கு பாரம் கால்ல இறங்குது, அது சிமெண்ட்டு மேல தினமும் மணிக்கணக்கா நடந்தா முதல்ல முழங்காலுக்கு கீழ முன் எலும்போரமா வலி வரும், அதையும் பொறுத்துக்கிட்டு ஆடினா பாதத்து எலும்புல மயிரிழை மாதிரி விரிசல் விடும், ஆறதுக்கு வாரக்கணக்கா ஆடாம உக்காரணும். பரதத்துல தட்டடவு மிதிக்கிறவங்களுக்கும் இதே கதிதான். ஒரு செமஸ்டர் அப்படி போச்சுன்னா ஃபீஸ்ல மிச்சம் பிடிச்சது எங்க போச்சுன்னே தெரியாது. அதனால நீங்க எந்த காலேஜ் போனாலும் முதல்ல கேக்க வேண்டியது வினைலுக்கு கீழ என்ன இருக்குங்கறதைத்தான்.

ரெண்டாவது காலேஜ்தான் மூணுலயும் ஃபீஸ் கம்மி. தரையும் நல்லா இருந்துச்சு. ஆனா மொத்த டிபார்ட்மெண்ட்டுக்கும் ஒரே ஸ்டுடியோ, கிளாஸ் முடிஞ்ச கையோட பூட்டிடறாங்க. ஃபைனல் இயர் பொண்ணு ஒருத்தி வராண்டாவுல பிராக்டிஸ் பண்ணிட்டு இருந்தா, தரையில சாக்பீஸால மேடை அளவுக்கு கோடு போட்டு வெச்சு, ஆள் நடந்து வந்தா நின்னு வழி விட்டுட்டு திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறா. பாக்கவே எனக்கு கஷ்டமா இருந்துச்சு. டான்ஸ் படிப்புல கிளாஸ்ல கத்துக்கறது பாதி, தனியா ஆடி ஆடி உடம்புல ஏத்திக்கறது மீதி பாதி, அதுக்கு இடம் இல்லன்னா வெளியில ஹால் வாடகைக்கு எடுக்கணும், அந்த செலவு எந்த ஃபீஸ் ஷீட்லயும் வராது.

மூணாவதுதான் நாங்க முடிவு பண்ணினது. கட்டடம் பழசு, ஃபேன் சத்தம் போடுது, டிரெஸ் மாத்துற ரூம் ரொம்ப சின்னது. ஆனா ரெண்டு ஸ்டுடியோ, ரெண்டுலயும் மரத்தரை, குதிச்சா தொம்முன்னு சத்தம் கேட்டுச்சு, இவ மூஞ்சியே மலர்ந்துடுச்சு. பசங்க பேர் எழுதி வெச்சுட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஸ்டுடியோ எடுத்துக்கலாம். ஸ்டுடியோ மூலையில ஆளுயரத்துக்கு ஒரு எலும்புக்கூடு பொம்மை நிக்குது, மேடம் அதோட இடுப்பு மூட்டை திருப்பிக் காட்டி, கால் வெளிப்பக்கம் எவ்ளோ திரும்பும், அதுக்கு மேல முட்டியை திருகினா என்ன ஆகும்னு இவளுக்கு பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்தாங்க. அட்மிஷன் கூட ஆகாத பொண்ணுக்கு! அந்த மேடம்தான் சொன்னாங்க, பல்கலைக்கழகத்துல டான்ஸை முதன்மைப் பாடமா எடுத்து டிகிரி வாங்கலாம்னு முதல்ல வந்தது 1926ல, அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துலயாம், கொண்டு வந்த மார்கரெட் எச்டூப்ளர் பயாலஜி படிச்சு பாஸ்கெட்பால் சொல்லிக் கொடுத்துட்டு இருந்தவங்க, அவங்களும் கிளாஸ்ல எலும்புக்கூட்டை வெச்சுத்தான் பாடம் எடுப்பாங்களாம். உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆடணும்னு நினைக்கிற டிபார்ட்மெண்ட்னு அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

பணத்து விஷயம். ஃபீஸ் ஷீட்ல இருக்கிற நம்பரை மட்டும் பாத்து முடிவு பண்ணிடாதீங்க. நாங்க ஒரு நோட்டுல ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஃபீஸ், ஹாஸ்டல், ஷூ, காஸ்ட்யூம், பிசியோ, ஃபைனல் இயர் ப்ரொடக்‌ஷன்னு வரி வரியா எழுதி, கிடைக்கிற ஸ்காலர்ஷிப்பை கழிச்சு, கோர்ஸ் முடியற வரைக்கும் எவ்ளோன்னு கூட்டினோம். ஃபைனல் இயர்ல பசங்களே ஒரு நடனம் அமைச்சு மேடை ஏத்தணும், அதுக்கு லைட்டு, மியூசிக், துணி எல்லாம் யார் காசுன்னு கட்டாயம் கேளுங்க, முதல் காலேஜ்ல அது முழுக்க ஸ்டூடண்ட் தலையிலதான். மூணாவதுல காஸ்ட்யூம் ரூம்னே ஒண்ணு வெச்சிருக்காங்க, படிச்சு முடிச்சு போறவங்க விட்டுட்டுப் போறதை அடுத்தவங்க எடுத்துக்கலாம், ஒரு பாவாடையோட இடுப்புப் பட்டையில பேர் எழுதின துணித்துண்டு ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சு தச்சிருந்துச்சு.

ஸ்காலர்ஷிப்லயும் ஒரு கண் வைங்க. முதல் காலேஜ்ல குடுக்கிறேன்னு சொன்னது முதல் வருஷத்துக்கு மட்டும்தான், நாங்க துருவித் துருவி கேட்டப்புறம்தான் சொன்னாங்க. வருஷா வருஷம் வருமா, மார்க் எவ்ளோ இருக்கணும், அடிபட்டு ஆட முடியாம போனா நிறுத்திடுவாங்களான்னு எழுத்துல வாங்கிடுங்க.

பிஏவா பிஎஃப்ஏவான்னும் (பேச்சலர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், கலைக்குன்னே இருக்கிற டிகிரி) ரொம்ப குழம்பினோம். பிஎஃப்ஏன்னா பெரும்பகுதி நேரம் ஸ்டுடியோலயேதான், வேற பாடத்துக்கு இடம் கம்மி. பிஏல டான்ஸோட இன்னொண்ணும் சேத்து படிக்கலாம். இவளுக்கு பிசியோதெரபி பக்கமும் ஒரு கண்ணு, அதனால பிஏ. மேடையிலயே வாழ்க்கைன்னு முடிவா இருக்கிற பசங்களுக்கு நான் இதை சொல்ல மாட்டேன்.

இந்த காலேஜ்ல குறையே இல்லையான்னா இருக்கு. தியேட்டர் சின்னது. பாலேல பாயிண்ட் ஷூ (கால்விரல் நுனியில நின்னு ஆடுறதுக்கான ஷூ) போட்டு தீவிரமா ஆடணும்னு நினைக்கிறவங்களுக்கு இங்க அந்த அளவுக்கு கிளாஸ் இல்ல, அவங்க வேற இடம் பாக்கறதுதான் நல்லது. நிரந்தரமா இருக்கிற டீச்சர் மூணு பேர்தான், மத்தவங்க வந்து போறவங்க, அதுல யாராவது பாதியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டதுக்கு தெளிவா பதில் வரல. ஆடிஷன் மட்டும் வீடியோ அனுப்பினா போதும்னு சொன்னது பெரிய உபகாரம், இன்னொரு தடவை போய் வர செலவு மிச்சம்.

வீடியோவை வீட்டு ஹால்லயே எடுத்தோம், சோபாவை நகத்தி ஓரமா வெச்சு, நான்தான் போன் பிடிச்சேன். அட்மிஷன் கிடைச்சிடுச்சு. ஹாஸ்டல் எப்படின்னு அவ போய் ஒரு மாசம் இருந்து பாத்து சொன்னதும் எழுதறேன்.