கீழக்கரை வீட்டுக்கு 43 அங்குல 4கே டிவி

ராமநாதபுரத்துக் கடையொன்றில் வாங்கிய இந்தத் தொலைக்காட்சியின் 3840×2160 புள்ளிகள் தரும் கூர்மை யூடியூபின் 4கே காணொளிகளில்தான் முழுமையாகத் தெரிகிறது. கேபிளின் சாதாரண அலைவரிசைகள், குறைந்த புள்ளிகளிலிருந்து பெரிதாக்கப்பட்டு வருவதால், பழைய சிறிய பெட்டியில் இருந்ததைவிட மங்கலாகவே இருக்கின்றன. அட்டைப்பெட்டியில் ‘மோஷன் ரேட் 120’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், பேனல், அதாவது திரை, நொடிக்கு 60 முறைதான் (60 ஹெர்ட்ஸ்) படத்தைப் புதுப்பிக்கிறது. அந்த 120 என்பது, பின்னொளியை விட்டுவிட்டு எரியச் செய்தும் அசைவுகளைச் செயலியால் சீராக்கியும் கூட்டிச் சொல்லப்படும் விளம்பர எண். கடைக்காரரும் கேட்ட பிறகே இதைச் சொன்னார். கிரிக்கெட்டுக்கும் திரைப்படத்துக்கும் 60 ஹெர்ட்ஸ் போதும். பிளேஸ்டேஷன் 5 வைத்து 4கே தரத்தில் 120 ஹெர்ட்ஸில் விளையாட விரும்புவோர், அசல் 120 ஹெர்ட்ஸ் பேனலும் அந்த வேகத்தில் படத்தைக் கடத்தும் எச்டிஎம்ஐ 2.1 இணைப்பும் உள்ளதையே, கூடுதல் விலை கொடுத்தாவது, வாங்க வேண்டும். நம் கடற்கரை உப்புக்காற்றில் இணைப்புமுனைகள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை எந்த அட்டைப்பெட்டியும் சொல்வதில்லை.